நடுக் கட்டத்து நாலு

சுடோகு என்றால் இன்னதென்று தெரியாத சகோதரி யாராவது இதைப் படித்துக் கொண்டிருந்தால், முதலில் அவருக்கு என் வாழ்த்துக்கள். அவர் வீட்டில் காப்பி ஆறிப் போவதில்லை. "குளிக்கப் போங்கள்" என்று சொன்னால் வீட்டார் குளிக்கப் போகிறார்கள். காஸ்காரர் வாசலில் நின்று மணி அடித்தால் யாராவது எழுந்து போய்க் கதவைத் திறக்கிறார்கள்.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்டதல்ல. காலை ஆறரை மணிக்குப் பத்திரிகை வந்து விழும். ஆறு முப்பத்தொன்றுக்கு அதன் அநுபந்தம் என் தகப்பனார் கையில் இருக்கும். அதில் கடைசிப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்ட சுடோகு ஒன்று வரும். ஒரு நட்சத்திரம் என்றால் குழந்தைகளுக்கு. மூன்று என்றால் என்னைப் போன்றவர்களுக்கு. ஐந்து என்றால் அப்பாவுக்கு. விடை அடுத்த ஞாயிறுதான் வரும். ஆகவே, புதிர் முடிகிற வரையில் அவரிடமிருந்து நாங்கள் எதிர்பார்க்கக்கூடிய பதில் "உம்" என்பது ஒன்றுதான்.

தெரியாதவர்களுக்காக இரண்டே வார்த்தை. குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பதாக 81 கட்டங்கள். அவற்றையே மூன்றுக்கு மூன்றாகப் பிரித்து ஒன்பது சதுரங்கள். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும், ஒவ்வொரு சதுரத்திலும் 1 முதல் 9 வரை எல்லா எண்களும் வர வேண்டும். எதுவும் இரண்டாம் தடவை வரக் கூடாது. சில எண்களை அவர்களே போட்டுக் கொடுத்திருப்பார்கள். பாக்கி நம் சாமர்த்தியம். எண்களைக் கண்டு பயந்துவிடாதீர்கள்! இதில் கூட்டல் கழித்தல் ஒன்றும் கிடையாது. 1, 2, 3-க்குப் பதிலாகக் கத்தரிக்காய், வெண்டைக்காய், புடலங்காய் என்று எழுதினாலும் ஆட்டம் நடக்கும்.

இதை ஜப்பான்காரர்களின் சரக்கு என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். பெயர்தான் ஜப்பான், பிறந்த வீடு அமெரிக்கா. இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ன்ஸ் என்பவர், கட்டடங்களுக்குப் படம் போடும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இப்படி ஒரு புதிரைச் செய்து கொடுத்தார். 1979-ல் ஒரு புதிர்ப் பத்திரிகையில் அது வெளி வந்தது. 1984-ல் ஜப்பானில் நிகோலி என்ற பத்திரிகைக்காரர்கள் அதை எடுத்துக் கொண்டு, "எண்கள் ஒண்டிக்கட்டையாகவே இருக்க வேண்டும்" என்று பொருள்படும் நீளமான பெயரைச் சூட்டினார்கள். அதைச் சுருக்கியதுதான் சுடோகு. (81 கட்டத்தையும் பிரம்மசாரிகளுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள், பாருங்கள்!) பிறகு ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வேய்ன் கூல்ட் என்பவர், டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் இதைக் கண்டு சொக்கிப் போனார். ஆறு வருஷம் உட்கார்ந்து, இந்தப் புதிர்களைத் தயாரிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தார். 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அதைப் போட ஆரம்பித்தது. அவ்வளவுதான், உலகமெங்கும் காப்பி ஆற ஆரம்பித்துவிட்டது! முதலில் செய்து கொடுத்த கார்ன்ஸ் மட்டும் இந்தக் கோலாகலம் எதையும் பார்க்கவில்லை. 1989-லேயே அவர் காலமாகிவிட்டார்.

என் அப்பாவுக்கு இப்போது 78 வயது. சர்க்கார் காரியாலயம் ஒன்றில், கணக்குத் தணிக்கையில் 36 வருஷம் இருந்தவர். சுடோகுவையும் தணிக்கைக்கு வந்த பேரேடாகத்தான் பாவிப்பார். அதற்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. பென்சிலால்தான் எழுத வேண்டும்; அதைப் பிளேடால் சீவ வேண்டும். விடையைப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டால், "இங்கே இதைத் தவிர வேறு எதுவும் வர முடியாது" என்று நிரூபித்த பிறகே போட வேண்டும். "இருக்கலாம்" என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. முடித்ததும் ஓரத்தில் தேதியும் மணியும் குறித்து, நாலாக மடித்து, பழைய பிஸ்கோத்து டப்பா ஒன்றில் போட்டு மூடி வைப்பார். டப்பா இது மூன்றாவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த புதிர் சாதாரணமானதல்ல. 81-ல் 22 கட்டங்களில்தான் எண் கொடுத்திருந்தார்கள். 17-க்குக் குறைந்தால் ஒரே விடை உள்ள புதிர் அமையவே அமையாது என்று 2012-ல் டப்ளின் நகரத்துக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் ஓட்டி நிரூபித்திருக்கிறார். ஆனால், கொடுத்த எண் குறைந்தால் புதிர் கஷ்டமாகும் என்று நினைக்க வேண்டாம். 17 உள்ள புதிர் சுலபமாக இருப்பதுண்டு. 25 உள்ளது பிராணனை வாங்குவதும் உண்டு. எண்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்த விஷயம் அது.

அப்பா மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் நிரப்பிவிட்டார். அப்புறம் நின்று போயிற்று. சாயங்காலம் வரை ஓர் எண் நகரவில்லை. காலி கட்டம் ஒவ்வொன்றின் மூலையிலும், அங்கே வரக்கூடிய எண்களைக் கடுகு போலப் பொடியாக எழுதி வைத்திருந்தார். முட்டிக் கொண்டு நிற்கும்போது எல்லோரும் செய்கிற காரியம் அது. எட்டாவது படிக்கும் என் பையன், "தாத்தா, போன்லே ஒரு போட்டோ எடுத்தா ஒரு செகண்டிலே எல்லாத்தையும் போட்டுடும்" என்றான். "உனக்குப் பசிக்கிறப்போ போன் சாப்பிட்டாப் போதுமாடா?" என்று கேட்டுவிட்டு அப்பா படுக்கப் போய்விட்டார்.

நான் காரியாலயத்திலிருந்து அன்றிரவு வீடு திரும்பும்போது மணி பதினொன்று. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்கள் தாமதமாகிவிட்டன. எல்லோரும் தூங்கியாயிற்று. மோர் சாதத்தைப் போட்டுக் கொண்டு மேஜையில் உட்கார்ந்தால் எதிரே சுடோகு. பக்கத்திலேயே பென்சில். நட்டநடுக் கட்டத்தின் மூலையில் 4, 9 என்று இரண்டு பொடி எண்கள். இரண்டில் ஒன்று! நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள் என்பதை இந்த இடத்தில் வெட்கத்துடன் சொல்லிக் கொள்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். 4 என்று வைத்துக் கொண்டு இரண்டு, மூன்று கட்டம் மனத்துக்குள் போய்ப் பார்த்தேன். சரியாகவே வருகிற மாதிரி இருந்தது. "பாவம், காலையில் கொஞ்சம் நகரட்டுமே" என்று பென்சிலை எடுத்து நடுக் கட்டத்தில் 4 என்று எழுதிவிட்டேன். கட்டம் சிறியது, என் 4 அந்தப் பொடி எண்களையும் சேர்த்து மூடிக் கொண்டது.

எழுதினவள் யாரென்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்கு எண் எழுதக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். சிலேட்டில் என் கையைப் பிடித்து எழுதிய அதே 4. மேலே திறந்து, கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி. அவருடையதும் என்னுடையதும் ஒரே அச்சு.

மறுநாள் காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால், திங்கட்கிழமைக் காலை எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பையனுக்குச் சாப்பாட்டு டப்பா, அவருக்குச் சட்டை, எனக்குப் பஸ். மறந்தே போனேன்.

திங்களன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாயன்று காலை, வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? இழை முடியாம நிக்கிற இடத்திலே தப்பு இருக்காது. பின்னாலே எங்கேயோ ஒரு புள்ளியை விட்டிருப்பீங்க" என்றாள். 41 வருஷ தாம்பத்தியத்தில் அம்மா சுடோகு பற்றிக் கூறிய ஒரே அபிப்பிராயம் இதுதான். அப்பா அதைத் தட்டவில்லை. அவர் தொழிலிலும் அப்படித்தான். ஐந்தொகை இடிக்கும்போது, இடிக்கிற தொகையை 9-ஆல் வகுத்துப் பார்ப்பாராம். மீதியில்லாமல் போனால், யாரோ 63-ஐ 36 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகித்து, முதல் பக்கத்திலிருந்து தேடுவாராம். அதே மாதிரி முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் நான் சற்றுச் சீக்கிரமாகவே வந்துவிட்டேன். கூடத்தில் அப்பா என் கணவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் பாங்குப் புத்தகம், பென்ஷன் காகிதங்கள், கரண்டு பில், வீட்டு வரி ரசீது எல்லாம் அடங்கிய அவருடைய காக்கி உறை. அதை நானோ அம்மாவோ தொட்டதே கிடையாது.

"இனிமேல் இதெல்லாம் நீங்களே பார்த்துக்குங்க, மாப்பிள்ளை" என்றார்.

"எதுக்கு மாமா இப்போ? நீங்க பார்க்கிற மாதிரி எனக்கு வராது."

"இல்லை. சரியா இருக்கிறபோதே ஒப்படைச்சிடறது நல்லது."

வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். வேடிக்கை இல்லை.

அன்றிரவு அவர்கள் அறையைத் தாண்டிப் போகும்போது அம்மாவிடம் அவர் பேசுவது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்பது தப்புத்தான், கேட்டேன்.

"நடுவிலே ஒரு 4 போட்டிருக்கேன். என் எழுத்துதான். ஏன் போட்டேன், எப்படி வந்ததுன்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரலை. அந்த எழுத்தைப் போட்டதே ஞாபகமில்லை."

"ஒரு 4 ஞாபகம் இல்லேன்னா என்ன?"

"அண்ணாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது."

அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை.

பெரியப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவரும் கணக்குப் புலி. கடைசி ஐந்து வருஷம், பெற்ற பெண்ணையே "நீ யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டுக் கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அப்பா சுடோகு ஆரம்பித்தார். மூளைக்கு வேலை கொடுப்பது நல்லது என்று வைத்தியர்கள் சொல்வது வாஸ்தவந்தான்; ஆனால் சுடோகு போட்டால் மறதி நோய் அண்டாது என்று எழுதிக் கொடுக்க எந்த வைத்தியரும் முன்வர மாட்டார். அப்பாவும் அப்படி நம்பவில்லை. ஞாயிறுதோறும் கதவைச் சாத்திக் கொண்டு தன்னையே தணிக்கை செய்து கொண்டிருந்தார், அவ்வளவுதான். மூன்று டப்பா நிறையத் "தணிக்கை சரி" என்று சீட்டுக்கள். இப்போது முதல் தடவையாகக் கணக்கு உதைக்கிறது. பேரேட்டில் தப்பு இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கணக்குப் பிள்ளையைச் சந்தேகித்துவிட்டார்.

அந்த நிமிஷமே கதவைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த 4 சரி என்று நிரூபிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்! நிரூபித்துவிட்டால், காலையில் தற்செயலாகப் பார்க்கிற மாதிரி, "இந்த 4 இதனால்தானே வந்தது அப்பா?" என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். அவருக்கு நிம்மதி, எனக்கும் மானம் தப்பும்.

கொடுத்திருந்த 22 எண்களையும், அப்பா ஞாயிற்றுக்கிழமை போட்டவற்றையும் வேறொரு காகிதத்தில் எழுதிக் கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நட்சத்திரப் புதிரின் அருமை அப்போதுதான் தெரிந்தது. சாதாரணப் புதிரில் ஒரு கட்டத்தைப் பார்த்து, "இங்கே யார் வரலாம்?" என்று கேட்டால் போதும். அது நின்று போனால், எண்ணைப் பார்த்து, "இந்த வரிசையில் உனக்கு எங்கே இடம்?" என்று மாற்றிக் கேட்க வேண்டும். ஒரு சதுரத்தில் இரண்டு கட்டங்களிலும் அதே இரண்டு எண்கள்தான் வரலாம் என்று ஏற்பட்டால், மற்றக் கட்டங்களிலிருந்து அந்த இரண்டையும் அடித்துவிடலாம். இதெல்லாம் அப்பாவே செய்து முடித்திருந்தார். மணி பன்னிரண்டு. எனக்கு 4-ஆவது 9-ஆவது, எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

பாலுக்கு உறை குத்த மறந்தது ஞாபகம் வந்து எழுந்து போனேன். திரும்பி வந்து, தூக்கக் கலக்கத்தில் மேஜையின் எதிர்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காகிதம் தலைகீழாகத் தெரிந்தது. அந்தக் கோணத்தில் எண்கள் எண்களாகவே தெரியவில்லை. ஏதோ தறியில் நெய்த துணி மாதிரி இருந்தது. அதில் 7 மட்டும் நாலு மூலையில் நாலு பொட்டு வைத்தாற்போல் நின்றது.

இரண்டாவது வரிசையில் 7 வருவதற்கு இரண்டே இடம்: மூன்றாம் பத்தி அல்லது எட்டாம் பத்தி. ஆறாவது வரிசையிலும் அதே இரண்டு இடந்தான். இதற்கு எக்ஸ்-விங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் கல்யாணச் சத்திரத்தை வைத்துப் புரிந்து கொள்வோம். ஒரே அறையில் சேர்ந்து தங்கமாட்டோம் என்கிற இரண்டு சம்பந்திகள். இருப்பது இரண்டே அறை. எந்தச் சம்பந்தி எந்த அறைக்குப் போவார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால், மூன்றாவதாக வருகிற விருந்தாளிக்கு அந்த இரண்டிலும் இடமில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்! அப்படியாக, எட்டாம் பத்தியில் வேறு எங்கும் 7 வர முடியாது. ஐந்தாவது வரிசையில், எட்டாம் பத்திக் கட்டத்தில் 4 அல்லது 7 என்று இருந்தது. 7 போய்விட்டது, ஆகவே அது 4. அந்த வரிசைக்கு 4 கிடைத்துவிட்டால், அதே வரிசையில் உள்ள நடுக் கட்டத்தில் இன்னொரு 4 எப்படி வரும்? அது 9.

ஆக, நான் போட்டது தப்பு. மானம் தப்ப வழியில்லை.

வியாழக்கிழமை காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "அப்பா, அந்த நடுக் கட்டத்து 4-ஐ நீங்க போடலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் போட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீயா?"

"நான்தான்."

"எதை வைத்துப் போட்டே?"

"எதையும் வைச்சு இல்லை. சும்மா, இருக்கலாம்னு தோணித்து."

கோபித்துக் கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புதிரை எடுத்து வந்து மேஜை மேல் விரித்தார். விரலில் சின்ன நடுக்கம் இருந்தது.

"7-ஐக் கொஞ்சம் பாருங்கப்பா, ரெண்டாவது வரிசையிலே..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதே!" என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சமையல் உள்ளிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நடுவிலே 4 இருந்தா, இந்தக் கட்டம் 7 ஆகணும். இது 7 ஆனா, மூணாம் பத்தியிலே ரெண்டு 7 வந்து நிக்கும். திங்கட்கிழமையிலேருந்து நான் இந்த ரெண்டு 7-லே தான் மோதிக்கிட்டிருக்கேன். எங்கே சுத்தினாலும் அங்கேயே வந்து நிக்குது" என்றார். சட்டென்று நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அப்படின்னா, மூணு நாளா அந்த 4 தப்பு, 4 தப்புன்னு நான் நிரூபிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். சரியாத்தானே நிரூபிச்சிருக்கேன்?" என்றார்.

"சரியாத்தான் அப்பா."

"4 இல்லேன்னா 9" என்றார்.

எனக்குச் சம்பந்தி, சத்திரம் எல்லாம் தேவைப்பட்டது. அவருக்கு என் தப்பே போதுமானதாக இருந்தது. ரப்பரை எடுத்து 4-ஐ அழித்து, 9 என்று போட்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே! தைத்த நூலின் முடிச்சை அறுத்துவிட்டு இழுத்தாற்போல் சரசரவென்று வந்தது. ஒன்பது மணிக்குள் 81-ம் நிரம்பிவிட்டன. நான் அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன்; வருத்தப்படவில்லை. இடையில் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, ஆறிப் போன காப்பியை எடுத்துக் கொண்டு போய்ச் சூடாக வேறு கொண்டு வந்து வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டே போனாள்.

ஓரத்தில் தேதியும் மணியும் குறித்தார். உடனே மடித்துவிடுவார் என்று நினைத்தேன், மடிக்கவில்லை. 9-க்குப் பக்கத்தில் ரப்பர் அழித்த அழுக்கு திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பென்சிலை என் பக்கமாக நீட்டினார்.

"அடித்தல் திருத்தல் இருக்கிற இடத்திலே சுருக்கொப்பம் வேணும். போடு."

போட்டேன். அதைக் கண்ணாடியை மேலே தூக்கி ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் நாலாக மடித்து டப்பாவில் வைத்தார். என் கணவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக் கொண்டே கூடத்துக்கு வந்தபோது, "மாப்பிள்ளை, அந்தக் காக்கி உறையை இங்கே கொடுங்க. கரண்டு பில் கட்ட நாளைக்குத்தான் கடைசித் தேதி. நீங்க மறந்துடுவீங்க" என்றார்.

இது நடந்து ஐந்து வாரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் முடியாத சுடோகுவை இப்போதெல்லாம் மேஜையில் விட்டு வைப்பதில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக் கொண்டு தூங்குகிறார். பென்சிலையும் சேர்த்து.